இடப்பக்க லீவர்

மஸாஹிரின் கையில் ஊசி இருந்தது.

ஆய்வுகூடத்தின் எலி அறைக் கதவைத் திறந்த ஆய்வாளர் நப்லா அதைக் கண்டுவிட்டாள். அவன் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மேசையில் மோர்ஃபின் போத்தல். நேற்று அவள் பார்த்து வைத்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது மருந்து.

"என்ன நானா இது?" அண்ணன் முறை வைத்து அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஒண்டுமில்ல மிஸ்."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் கைய ஒளிக்கிறீங்க?"

கரைத்தீவில் மஸாஹிரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒருகாலத்தில் குடு என்ற ஹெரோயின் தூளை அடித்துவிட்டுக் கடற்கரையில் சுருண்டு கிடந்தவன். பிறகு அந்தப் போதையை விட்டுத் தெளிந்து, பள்ளிவாசலுக்குத் தொழப் போய்வரத் தொடங்கினான். மதுரங்குளியில் இந்த ஆய்வுகூடத்தை நடத்தும் ஹமீட் டொக்டர்தான், யார் சொல்லியும் கேளாமல், எலிகளைப் பராமரிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்.

"குடுக்காரன்ட கையில மருந்து அலுமாரிச் சாவியா?" என்று அன்றைக்கே கேட்டவள் நப்லா.

டொக்டர் வந்தார். போத்தலைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"மஸாஹிர், நீ எடுத்தியா?"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் அடிக்கல்ல டொக்டர்."

"அப்ப மருந்து எங்க?"

மஸாஹிர் எலிக்கூடுகளின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"சாவியத் தா. வெளிய போய் இரி. பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்."

"நான் அப்பயே சொன்னந்தானே," என்று முணுமுணுத்துக்கொண்டே நப்லா தன் வேலைக்குத் திரும்பினாள்.

அவளுடைய எலிகள் மாதக்கணக்காகப் பழகியவை. மோர்ஃபின் ஏற்றிய நாளில் இடப்பக்க லீவரை அழுத்தினால்தான் தீனி விழும். வெறும் உப்புத் தண்ணீர் ஏற்றிய நாளில் வலப்பக்க லீவர். உடம்புக்குள் இருப்பது எதுவென்று எலியே உணர்ந்து தெரிந்தெடுக்க வேண்டும்.

இன்று எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். ஒவ்வொன்றாய்ப் பெட்டிக்குள் விட்டாள். எல்லாம் ஒழுங்காக வலப்பக்கம் போயின.

கறுத்தக் காது எலி மட்டும் நேரே இடப்பக்கம் போனது. தீனி விழவில்லை. அது விடவுமில்லை. திரும்பத் திரும்ப இடப்பக்கத்தையே அழுத்தியது.

"உனக்கு என்ன வந்த இண்டைக்கு?" என்று கையில் தூக்கினாள். பின்னங்கால் புண்பட்டு வீங்கியிருந்தது. யாரோ துடைத்துக் களிம்பு பூசியிருந்தார்கள்.

அவள் அப்படியே நின்றாள். இது பிழை விடுகிற எலி இல்லையே!

எலியோடு வெளியே ஓடினாள். டொக்டர் காதில் போனை வைத்திருந்தார்.

"வேணாம் டொக்டர்! மருந்து மஸாஹிர் நானாட உடம்பில இல்ல. இந்த எலிட உடம்பில ஈக்கிது! கால் நோவுக்குப் போட்டீக்கிறார்!"

டொக்டர் மஸாஹிரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, தானே எலியைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார். மறுபடியும் இடப்பக்கம்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன் சட்டைப்பைக்குள் போனது.

"இது இனி ஆய்வுக்கு வேணாம். தனிக்கூட்டில போட்டு, புண்ண ஆத்து மஸாஹிர். ஆனா, என்னட்டக் கேக்காம இனி ஊசி தொடக்கூடா, விளங்கினா?" என்றபடி சாவியைத் திரும்ப அவன் கையில் வைத்தார்.

நப்லாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாப்புச் செய்யுங்க நானா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்வளவு கத வந்திருக்காதே. ஏன் வாயே தொறக்கல்ல?"

மஸாஹிர் எலியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"கால் புண்ணான எலி ஆய்வுக்கு உதவாதெண்டு போன கிழம ஒண்ட ஊசி போட்டு முடிச்சீங்களே மிஸ். எனக்கு வேல போனா வேற வேல தேடிக்குவன். இதுக்கு உசுரு போனா?"