சூடு ஆறாத டிஸ்க்

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். விளையாடி முடித்த டிஸ்க்கைக் கையில் கிடைத்த பெட்டியில் திணித்துவிடுவான். அவன் இறந்ததும் அக்கா கேம் மெஷினை விற்றுவிட்டாள். அவள் பிள்ளைகள் மாதச் சந்தாவில் டிவியிலேயே விளையாடுகிறார்கள். டிஸ்க்குகளையும் தலைமுழுகிவிட எண்ணி, நேற்று எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் வைத்தாள்.

இன்று வாங்க வந்தவர் ஒன்றைத் திறந்தார்.

“கார் ரேஸ் பெட்டியில ஃபுட்பால் டிஸ்க் இருக்கேங்க.”

“நேத்துதானே சரியா மாத்தி வெச்சேன்.”

“இப்பதான் மெஷின்லேர்ந்து எடுத்தீங்களா? சூடா இருக்கு.”

அக்கா ஃபுட்பால் பெட்டியைத் திறந்தாள். காலி.

“அப்ப கார் ரேஸ் டிஸ்க் எங்கங்க?”

தம்பியின் பூட்டிய அறையை அவள் ஒருமுறை பார்த்தாள்.

“அவன் விளையாடி முடிச்சதும் சொல்லியனுப்பறேன்” என்றாள்.