கரண்ட் போனால்

பூட்டு மெக்கானிக் வாசற்கதவில் துளை போட்டு முடித்திருக்கிறார். மரத்தூள் அவர் முழங்காலில் படிந்து கிடக்கிறது. அப்பா கால் மாற்றிச் செருப்பு மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். "எங்க பெரியவரே, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டீங்க?" என்கிறார் மெக்கானிக். "வீட்டுக்குத்தான். தேடுவாங்க." போன வாரம் இப்படித்தான் கிளம்பிப் போனார், நெடுஞ்சாலை நடுவிலிருந்து போலீஸ்காரர் கூட்டிவந்தார். அன்றிலிருந்து மகளுக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

மெக்கானிக் உள்ளங்கையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு செம்புக்கம்பிச் சுருளை வைத்துக் காட்டுகிறார். "இதுதான் சோலினாய்டு. கரண்ட் பாஞ்சா சுருள் காந்தமாயிடும், நடுவுல இருக்கிற இரும்புத் தண்டை உள்ள இழுக்கும். கரண்ட் நின்னா ஸ்பிரிங் வெளிய தள்ளிடும்." பேட்டரியில் கம்பியைத் தொட்டதும் தண்டு டக்கென்று உள்ளே போகிறது, எடுத்ததும் வெளியே வருகிறது. ஜன்னல் வெயிலில் செம்பு மின்னுகிறது. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "ரெண்டு விதமாவும் மாட்டலாம்மா. கரண்ட் போனா கதவு திறந்துக்கணுமா, பூட்டிக்கணுமா? தீ கீ பிடிச்சா ஆபத்துன்னு திறக்கிறதைத்தான் நிறையப் பேர் கேப்பாங்க." "பகல்ல நான் வேலைக்குப் போயிடுவேன். இவர் தனியா இருப்பார்." மெக்கானிக் காத்திருக்கிறார். "பூட்டிக்கட்டும்" என்கிறாள், கடையில் பை வேண்டாம் என்று சொல்லும் குரலில். அவர் அப்படியே மாட்டி, கதவைச் சாத்துகிறார். அப்பா எழுந்து வந்து கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். அசையவில்லை. திருப்தியோடு திரும்பி மகளின் தலையில் கை வைக்கிறார். "நல்ல பூட்டும்மா. இனிமே நீ பயப்படாம தூங்கு."