இரண்டு கோடாலி தூரம்

கோடாலியும் கையுமாக மரக்கடைக்காரர் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, வாட்ச் மெக்கானிக்கின் கண் போனது கோடாலிக்கு அல்ல, அவர் நெற்றித் தழும்புக்கு. புருவத்துக்கு மேலே இரண்டங்குல நீளம். ஏதோ அடிதடியில் வாங்கியது என்று மரக்கடை வட்டாரத்தில் பேச்சு.

"அதைப் பத்தி மட்டும் அப்பாகிட்ட வாயைத் திறந்துடாதீங்க" என்று அவன் கிளம்பும்போதே அவர் மகள் எச்சரித்திருந்தாள். இந்த ஏரிக்கரை முகாமில் ஒரு நாள் தாக்குப்பிடித்தால்தான் கல்யாணப் பேச்சு. முன்பு பார்த்த வரன் இங்கே வந்துவிட்டுப் போனதோடு சரி, அப்புறம் போனையே எடுக்கவில்லை.

"தம்பி, இருட்டறதுக்குள்ள இந்தக் கட்டையைப் பொளந்து போடுங்க. டீ போடணும்."

அவன் வாழ்நாளில் தூக்கிய பெரிய ஆயுதம் ஸ்க்ரூ டிரைவர். மரம் பிளப்பதை ஒரு வாரமாக வீடியோவில் பார்த்துத் தேறியிருந்தான். கோடாலியை வாங்கியவன் கடைப் பழக்கத்தில் அதைக் காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான். டொக் என்றது.

"சார், தலை ஆடுது. காம்புல ஆப்பு வைக்கணும். சின்னதா ஒரு மரத்துண்டு கிடைச்சா..."

அவன் முடிப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். தட்டியதும் அளவெடுத்தது போல உள்ளே போய் உட்கார்ந்தது. மரக்கடைக்காரர் பையில் மரத்துண்டு இல்லாமலா போகும் என்று நினைத்துக்கொண்டான்.

தடித்த அடிமரத்தின் மேல் கட்டையை நிறுத்தினான். கால்களை அகட்டி வைத்து ஓங்கப் போனபோது முதுகுக்குப் பின்னால் இருமல் சத்தம். திரும்பினால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"இருக்கட்டும் தம்பி, நீங்க போடுங்க."

"இல்ல சார். ரெண்டு கோடாலி தூரம் தள்ளிப் போங்க." தரையில் கோடாலியைப் படுக்கவைத்து அளந்தே காட்டினான். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்த முறை ஓங்கியபோது நேரெதிரே வந்து குனிந்து நின்றார். "சிலாம்பு தெறிக்கும் சார்!" என்று கோடாலியை இறக்கினான். முப்பது வருஷமாக மரத்தோடு மாரடிக்கிற மனுஷனுக்கு எங்கே நிற்பது என்றுகூடவா தெரியாது? எரிச்சல் வந்தது. கூடவே பயமும் வந்தது, மாமனாராகப் போகிறவரை இரண்டு தடவை விரட்டியாகிவிட்டதே.

மூன்றாவது முறை அவர் உட்கார்ந்தே விட்டார். கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "ஆடாம பிடிச்சுக்கறேன். தைரியமா ஒரே போடு போடுங்க. ஆம்பளைதானே?"

வாட்ச் மெக்கானிக் கோடாலியைக் கீழே வைத்தான்.

"முடியாது சார். அந்தக் கையாலதான் நீங்க உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சுக் குடுக்கணும். டீ இல்லாட்டிப் பரவாயில்லை."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு காரை நோக்கிப் போய்விட்டார். தூரத்தில் யாருக்கோ போன் செய்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

அவ்வளவுதான், வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் இல்லாமல் எப்படி இருக்கப் போகிறோம் என்று நினைக்கும்போதே கண் கலங்கியது. இனி என்ன என்று, ஆள் இல்லாத இடத்தில் நிதானமாக ஆறு கட்டைகளைப் பிளந்து அடுக்கினான். நெருப்பும் முதல் தீக்குச்சியிலேயே பிடித்துக்கொண்டது.

அவர் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். கெட்டில் கொதிக்கத் தொடங்கியது. எப்படியும் போகப் போகிற வரன்தானே, கேட்டால்தான் என்ன என்று அவனுக்கு ஒரு துணிச்சல் வந்தது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நெத்தியில அந்தத் தழும்பு..."

அவர் டீயை ஊற்றி முதல் டம்ளரை அவனிடம் நீட்டினார். இன்னொரு கையால் தழும்பை மெல்லத் தடவிக்கொண்டார்.

"போன தடவை வந்தவன் என்னைத் தள்ளி நிக்கச் சொல்லலை, மாப்பிள்ளை."