கடிக்கக் கூடாத தலைவர்

“யாரும் தலைவரைக் கடிச்சிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று மேற்பார்வையாளர் குருமதா ஊழியர்களிடம் வரிசை வரிசையாகப் போய்க் கெஞ்சினார்.

நகோயா குடைக் கம்பெனிக்கு அன்று அறுபது ஆண்டு நிறைவு. தலைவர் தொகாஷி எண்பத்துநாலு பேருக்கும் தன் கையாலேயே ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். எங்கே வெட்டினாலும் நாட்டுக்கதைப் பையன் கிந்தாரோவின் முகம் தெரியுமே, அந்த ஜப்பானியச் சர்க்கரை மிட்டாய்தான். இந்தத் தடவை பையனுக்குப் பதிலாகத் தலைவர் முகம். வழுக்கை, கண்ணாடி, மச்சம் எல்லாம் அச்சு அசல். அளவுதான் வழக்கத்தைவிட மூன்று மடங்கு.

தலைவர் நீட்டியதை அவர் எதிரிலேயே வாயில் போடாமல் பையில் வைத்தால் நன்றாகவா இருக்கும்? எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். லோடு ஏற்றும் ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் நறுக்கென்று கடித்துவிட்டான்.

தலைவர் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதுப்பா” என்றார். அதற்கப்புறம்தான் குருமதா கெஞ்சக் கிளம்பியது.

காரணம் இருந்தது. தொழிற்சாலையை வடகோடியில் பனி கொட்டும் ஹொக்கைதோவுக்கு மாற்றும் பேச்சு அன்றைய கூட்டத்தில் வருகிறது. எதிர்த்துப் பேச மூன்று வாரமாகத் தயாராகி வந்திருந்தார் குருமதா. அதுவரை தலைவர் மனம் கோணக்கூடாது.

“ஆட்சேபணை சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா அந்தப் பனியில நீங்க மட்டும் போய்க் குடை பிடிங்க” என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

கடைசி மிட்டாய் குருமதாவுக்கு. வாயில் போட்டதும் கன்னம் உப்பியது.

“நீங்க சாப்பிடலையா சார்?” என்று கணக்குப் பிரிவு நிஷிமோரி, தன் மிட்டாயை வாயில் போடுவதற்கு முன்பே தலைவரிடம் கேட்டிருந்தாள்.

“என் மூஞ்சியை நானே திங்கறதா?” என்று அப்போது சிரித்த தலைவர், இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேடை ஏறினார்.

“வர்ற ஏப்ரல்ல தொழிற்சாலை ஹொக்கைதோ போகுது. ஆட்சேபணை இருந்தா தாராளமாச் சொல்லுங்க.”

குருமதா எழுந்தார். வாய் நிறையத் தலைவர். கடித்து விழுங்க வழியில்லை. தலைவர் பார்க்கும்போதே தலைவர் முகத்தைக் கையில் துப்பவும் முடியாது. பாவம், மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ம்ம்... ம்ம்ம்” என்றார்.

“பாருங்க, குருமதா எழுந்து நின்னு கண் கலங்கி ஆமோதிக்கிறாரு.” கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஏகமனதாக நிறைவேறியது.

மிட்டாய் கரைந்ததும் குருமதா தலைவர் அறைக்கு ஓடினார். என்ன ஆனாலும் இப்போதாவது சொல்லிவிட வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. தலைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்ன மாதிரியே பன்னெண்டு நிமிஷம் ஒருத்தரும் வாயைத் திறக்கல, மிட்டாய்க்காரரே.”