நடுவர் கை

மல்யுத்தச் சங்கத் தேர்தலில் கை தூக்கித்தான் ஓட்டு. பழைய தலைவரே மறுபடியும் நிற்கிறார். பயிற்சி முகாமில் அவர் தன்னிடம் அத்துமீறினார் என்று புகார் கொடுத்த மல்யுத்தக்காரி, ஓட்டில்லாதவள், கதவோரம் நிற்கிறாள். முன்வரிசையில் மாவட்டப் பிரதிநிதியாக உட்கார்ந்திருக்கும் முன்னாள் நடுவர், எத்தனையோ முறை அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஜெயித்தவள் இவள்தான் என்று தூக்கிக் காட்டியவர். காலையில்கூட, "என் கை உனக்குத்தாம்மா" என்றார். இப்போது தலைவர் பெயரைப் படித்ததும் சுற்றிலும் சட்டைகள் சரசரக்கின்றன, கைகள் எழும்புகின்றன. பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடிக்கிறார். "என்னண்ணே, கை சுளுக்கிக்கிச்சா? உங்க பையனோட கோச் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகலை போலிருக்கே." மடியில் கிடந்த கை மெல்ல எழுகிறது, காதுக்கு நேரே கொஞ்சம் தயங்குகிறது, பிறகு முழுசாக நீள்கிறது. கழுத்து மட்டும் கதவுப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. எண்ணி முடித்ததும் தலைவர் சிரித்தபடி மேடையிலிருந்து இறங்கி வருகிறார். இறங்கப்போன அந்தக் கையை மணிக்கட்டில் கப்பென்று பிடிக்கிறார். "இது நடுவர் கைய்யா, தப்பாத் தூக்காது!" என்று கேமராவுக்கு உயர்த்திக் காட்டுகிறார். கூடம் சிரிக்கிறது, பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிறது. கூச்சம் தாங்காமல் நடுவர் முகத்தைத் திருப்புகிறார். கதவோரம் அவள் தன் மணிக்கட்டைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.