கரோடிட்

அனாடமி வாய்மொழித் தேர்வில் தமயந்திக்கு இது கடைசி வாய்ப்பு. இதிலும் கோட்டை விட்டால் டாக்டர் படிப்பே அம்போ.

"கழுத்துல ஓடுற ரத்தக்குழாய்க்கு கரோடிட்னு ஏம்மா பேர் வச்சாங்க?" என்றார் வெளியூர்த் தேர்வாளர் சபாநடேசன், கல்லூரி கொடுத்த பிரியாணி விருந்தின் ஏப்பத்தோடு.

"மயக்கம்கிற கிரேக்கச் சொல்லுலேருந்து வந்தது சார். அங்க அமுக்கினா ஆள் சாய்ஞ்சிடுவாங்கன்னு..."

"அட, வாய் இருக்கே. எங்கன்னு என் கழுத்துலயே தொட்டுக் காட்டு."

பதற்றத்தில் இரண்டு கையாலும் இரு பக்கமும் அழுத்தித் தேடினாள். ஒரே நேரத்தில் இரு பக்கமும் அழுத்தவே கூடாது என்ற பாலபாடம், அவர் தலை மேஜையில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது. கையை உதறி எடுத்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். பத்து விநாடி பத்து யுகமாக நகர்ந்தது.

கண் திறந்தவர் அசடு வழிந்தார். "கண் அசந்துட்டேன் போலிருக்கு. வெளிய சொல்லிடாதம்மா. நீ பாஸ்."

மதிப்பெண் தாளில் பேனா இறங்கியது. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது. உதட்டில் ரத்தமே இல்லை. இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"சார்," என்றாள் தமயந்தி. "நீங்க தூங்கல."

பேனா நின்றது.