மேற்பார்வை

"எனக்குப் பெரிய டாக்டர்தான் வேணும். இந்தம்மா வேணாம்."

கிள்ளானில் உள்ள அந்தத் தனியார் கண் மருத்துவமனையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார் பக்கிரிசாமி. பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுகிறவர். கண்புரை முற்றியிருந்தது.

"என்ன பிரச்சினை அங்கிள்?" என்றாள் தாமரை.

"நீங்க இந்தியாவுலேருந்து வந்தவங்களாம். இங்க இன்னும் உங்கள ஸ்பெஷலிஸ்ட்னு ஒத்துக்கலயாம். என் கண்ணுலதான் ட்ரெய்னிங் எடுப்பீங்களா?"

தாமரைக்கு முகம் சுருங்கிப் போயிற்று. திருநெல்வேலியில் அவள் கண் அறுவை நிபுணர். பார்வை திரும்பி வீட்டுக்குப் போனவர்கள் அங்கே எத்தனையோ பேர். விமலனைக் கல்யாணம் செய்துகொண்டு மலேசியா வந்த பிறகு, அந்தப் படிப்பு இங்கே செல்லுமா என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை ஒரு மூத்த நிபுணரின் மேற்பார்வையில்தான் அவள் அறுவை செய்யலாம்.

அந்த மூத்த நிபுணர் கமலநாதன். மருத்துவமனையும் அவருடையதுதான். சத்தம் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இவங்க பண்றது பிடிக்கலன்னா நீங்க வேற ஹாஸ்பிட்டல் பாத்துக்கலாம் அண்ணே. என் டாக்டர இங்க வச்சு யாரும் குறைச்சுப் பேசக் கூடாது."

பக்கிரிசாமி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அறுவையைத் தாமரைதான் செய்தாள். கமலநாதன் உள்ளே வரவே இல்லை. இப்போதெல்லாம் அவர் வருவதில்லை. "நீ பண்ணும்போது நான் எதுக்கும்மா நிக்கணும்?" என்பார். அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் பக்கிரிசாமி கமலநாதனின் கையைத்தான் பிடித்துக்கொண்டார். "உங்க கைராசி டாக்டர்."

கமலநாதன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே வாரியத்தின் பதில் வந்தது. இந்தத் தடவையும் இல்லை. மேற்பார்வையை இன்னும் நீட்டிக்க வேண்டுமாம்.

காஜாங்கில் ஒரு மருத்துவமனை அவளுக்காக ஒரு நிபுணர் வேலையை வைத்துக் காத்திருந்தது. இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கமலநாதனின் அறையில் உட்கார்ந்து தாமரை அழுதேவிட்டாள்.

"எங்க தப்பு நடந்துச்சுன்னே புரியல டாக்டர்."

"உன் மேல தப்பே இல்லம்மா. வெளிநாட்டுப் படிப்புன்னாலே சிலருக்கு இளக்காரம். வாரியத்துக்கு நான் ரிப்போர்ட்ல எழுத வேண்டியத எழுதித்தான் அனுப்பினேன். கொஞ்சம் பொறுத்துக்கம்மா. நான் இருக்கேன்ல."

வீட்டில் விமலன், "பேசாம ஊருக்கே போயிடலாமா?" என்று கேட்டான்.

"அவரு ஒருத்தர் எனக்காக நிக்கிறாரு. அவர எப்படிங்க விட்டுட்டு வர்றது?"

அடுத்த வாரம் கமலநாதன் தன் மனைவி குமுதாவை அழைத்து வந்தார். இரண்டு கண்ணிலும் புரை.

"ஆன்டிக்கு நீதான் பண்ணணும் தாமரை. டாக்டர் ஃப்ரெண்டுங்க நிறைய பேர் நாங்க பண்றோம்னு கேட்டாங்க, நான் யார்கிட்டயும் விடல."

ஒரு வாரமாகக் குழம்பிக் கிடந்த தாமரையின் மனசு அந்த ஒரு வார்த்தையில் தெளிந்துவிட்டது. வாரியம் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன? இவர் ஒத்துக்கொண்டாரே.

முதலில் வலது கண். அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தாள். குமுதா சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"அடடா, நீ இவ்வளவு சின்னப் பொண்ணா? எல்லாம் பளிச்சுன்னு தெரியுதும்மா. இந்த இன்னொரு கண்ணையும் நீயேதான் பண்ணணும்."

"பண்றேன் ஆன்டி. நான் எங்க போகப் போறேன்? அங்கீகாரம் கெடச்சிருந்தா இந்நேரம் காஜாங் போயிருப்பேன்."

"அதுக்குத்தாம்மா நானும் பயந்துகிட்டு இருந்தேன். இந்தப் பொண்ணு போயிட்டா என் கண்ணு என்னாகறதுன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டேன். 'அவ எங்கயும் போக மாட்டா, ரிப்போர்ட் எழுதறது நான்தானே'ன்னு சிரிச்சாரு. அப்பறம்தான் எனக்கு நிம்மதி."

சொட்டு மருந்தைத் திறந்துகொண்டிருந்த தாமரையின் விரல்கள் அப்படியே நின்றன.

"என்ன எழுதினாராம் ஆன்டி?"

குமுதா அவள் கன்னத்தைப் பாசமாகத் தடவினார்.

"தனியா ஆபரேஷன் பண்ற அளவுக்கு இந்தப் பொண்ணுக்கு இன்னும் கை பழகலன்னு எழுதிட்டாராம்மா."